நியூ வேர்ல்டில் அப்பாவின் கச்சாங் பூத்தே

போன மாதம் பேரனை அழைத்துக்கொண்டு சிங்கப்பூர் சிட்டி ஸ்குவேர் கடைத்தொகுதிக்குப் போயிருந்தேன். அக்காவும் வந்திருந்தார். ஃபேரர் பார்க் எம்ஆர்டி நிலையத்திலிருந்து வெயில் படாமல் உள்ளே நுழைந்துவிடலாம் என்பதால் எங்களைப் போன்ற முட்டிவலிக்காரர்களுக்கு அது தோதான இடம். வெளியே, முன்பு அங்கே இருந்த நியூ வேர்ல்டு கேளிக்கைப் பூங்காவின் பழைய வாசல் வளைவு நிற்கிறது. பேரன் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "தாத்தா, கதவு இருக்கு, வீடு எங்கே?" என்று கேட்டான்.

அந்த வாசலுக்குள் ஒரு ஊரே ராத்திரி பன்னிரண்டு மணி வரை விழித்திருந்தது என்று சொன்னால் ஐந்து வயதுப் பையனுக்கு என்ன புரியும்? ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் நியூ வேர்ல்டு என்னை விடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நியூ வேர்ல்டு 1923இல் திறந்த இடம். ஓங் பூன் டாட், ஓங் பெங் ஹோக் என்ற அண்ணன் தம்பி இருவர் தொடங்கியது. லாவ் பா சாட் உணவுச் சந்தை ஓரமாகச் சாயங்காலமானால் சாலையை அடைத்துக் குச்சியில் கோத்த சாத்தே இறைச்சி சுடுகிறார்களே, அந்த பூன் டாட் தெரு, அண்ணன் பேரில் இருப்பதுதான். ஜாலான் புசார் பக்கம் இருக்கும் சாம் லியோங் சாலை அவர்களுடைய அப்பா பேரில். அப்புறம் 1930களில் கிம் செங் சாலையில் கிரேட் வேர்ல்டு, கேலாங்கில் ஹேப்பி வேர்ல்டு என்று இன்னும் இரண்டு வந்தன. "பதினாலு லோகம் எதுக்கு? சிங்கப்பூருக்கு மூணு போதும்" என்பார் அப்பா. சினிமா முதலாளிகளான ஷா சகோதரர்கள் கைக்கு வந்த பிறகுதான் நாங்கள் பார்த்த நியூ வேர்ல்டு. எனக்குத் தெரிந்த காலம் 1964லிருந்து 1972 வரை, அவ்வளவுதான்.

அப்பா அங்கே கச்சாங் பூத்தே விற்றார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கச்சாங் பூத்தே என்றால் மலாயில் வெள்ளைக் கடலை. பேர்தான் அப்படி. தட்டில் அவித்த கொண்டைக்கடலை, வறுத்த பச்சைப் பட்டாணி, சர்க்கரை பூசிய நிலக்கடலை, முறுக்கு, மரவள்ளி வறுவல், கொஞ்சம் முந்திரி, எல்லாம் தனித்தனி அறையாக இருக்கும். சிங்கப்பூர் சினிமாக் கொட்டகை வாசல்களில் இந்த வியாபாரம் பெரும்பாலும் நம் ஆட்கள் கையில்தான் இருந்தது. அந்தக் காலத்தில் தலையில் சும்மாடு கட்டி, மரத்தட்டைச் சுமந்தபடியே தெருத்தெருவாக விற்றார்கள். அப்பா தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து ரஜுலா கப்பலில் வந்து இறங்கி, முதல் மூன்று வருடம் அப்படிச் சுமந்தவர்தான். நியூ வேர்ல்டுக்குள் ஒரு இடம் கிடைத்ததும் தட்டைத் தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டார். தலை நடுவில் முடி வளராமல் போனதற்குத் தட்டுதான் காரணம் என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். தாத்தாவுக்கும் அதே இடத்தில்தான் வழுக்கை என்று அம்மா மெதுவாகச் சொல்வார்.

நாங்கள் ஓவன் சாலையில் ஒரு கடைவீட்டு மாடியில், பலகை அடித்துப் பிரித்த ஒற்றை அறையில் இருந்தோம். மத்தியானம் முழுக்க அம்மா கடலை அவிப்பார். ஐந்தரை மணிக்கு அப்பா வெள்ளை வேட்டியும் முழுக்கைச் சட்டையுமாகக் கிளம்புவார். சனிக்கிழமை மட்டும் நானும் அக்காவும் கூடப் போகலாம். சும்மா இல்லை, பொட்டலம் சுருட்ட.

பழைய டெலிபோன் புத்தகத் தாள் பட்டாணிக்கு. அவித்த கடலைக்கு ஈரம் தாங்க வேண்டும், அதனால் பள்ளிக்கூட நோட்டுத் தாள். தமிழ் முரசு நாளிதழைத் தொட விடமாட்டார். சாமி படம் இருக்கும், திருக்குறள் இருக்கும், தின்றுவிட்டுக் காலில் மிதிப்பார்கள் என்று ஒரு கொள்கை. தாளைக் குறுக்கே பிடித்து, இடது கட்டைவிரலைச் சுற்றி ஒரு சுழற்று, அடியில் ஒரு திருகு. ஒரு மணி நேரத்தில் அக்கா இருநூறு சுருட்டுவார். நான் நூறு தாண்டினால் பெரிய விஷயம். ஒரு சனிக்கிழமை, ஒரு சீனப் பெரியவர் தின்று முடித்துப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துச் சிரித்தார். என் கணக்குப் பரீட்சைத் தாள். நூற்றுக்குப் பதினெட்டு. வீட்டில் காட்டாமல் இருக்க அதைப் பழைய நோட்டுக் கட்டுக்குள் ஒளித்து வைத்தவன் நான். சுருட்டிக் கொடுத்தவன் யார் என்றுதான் இன்றுவரை தெரியவில்லை. அக்கா என்று சந்தேகம்.

அப்பாவின் வண்டி சினிமாக் கொட்டகைக்கும் பேய் ரயிலுக்கும் நடுவில் நின்றது. இது நல்ல இடம். படம் விட்டு வருபவனுக்குப் பசி, பேய் ரயிலிலிருந்து இறங்குபவனுக்கு வாய் உலர்ந்திருக்கும், கையில் எதையாவது வைத்துக்கொள்ளத் தோன்றும். அவர் அதையெல்லாம் கணக்குப் போட்டு வைத்திருந்தார். எதிரே ராட்டினம். அதன் பல்புகளில் எப்போதும் நாலைந்து எரியாது. தள்ளி ஜோகெட் என்ற மலாய் நடனக் கொட்டகை. டிக்கெட் வாங்கினால் ஒரு பாட்டுக்கு ஒரு பெண்ணோடு ஆடலாம், ஆனால் தொடக் கூடாது. அந்தப் பக்கம் பார்க்காதே என்று சொல்லியே அப்பா எங்களை அந்தப் பக்கம் பார்க்க வைத்தார். ஒரு மூலையில் சீனப் பாட்டு மேடை, இன்னொரு மூலையில் மலாய்க்காரர்களின் வயலின். எல்லாம் ஒன்றோடொன்று மோதி அப்பாவின் "கச்சாங், கச்சாங்" மேல் வந்து விழும். சீனம், மலாய், தமிழ் மூன்றிலும் பத்துக் காசு என்று சொல்லத் தெரிந்தால் போதும், வேறு மொழி வேண்டாம் என்பது அவர் கட்சி.

ஜப்பான்காரன் காலத்தில் அங்கே சூதாட்டம்தான் பிரதானமாக நடந்தது என்று அப்பாவுக்கு முன்பு அங்கே விற்ற பெரியவர் சொல்வாராம். ஊரே பட்டினி கிடந்தபோதும் அந்தக் கூட்டம் மட்டும் குறையவில்லையாம்.

சிராங்கூன் சாலையைத் தாண்டினால் பெருமாள் கோயில். இப்போது எழும்பி நிற்கும் ராஜகோபுரம் அப்போது இல்லை. தைப்பூசத்துக்கு முதல் நாள் ராத்திரி, கோயிலில் காவடிக்கு ஆட்கள் தயாராகிக்கொண்டிருப்பார்கள். இந்தப் பக்கம் ராட்டினம் சுற்றிக்கொண்டிருக்கும். உச்சியில் இருப்பவர்களுக்குக் கோயில் வாசல் தெரியும் என்று கேள்வி. நான் ஏறியதில்லை. விடியற்காலை காவடிகள் டேங்க் ரோட்டு முருகன் கோயிலுக்குப் புறப்படும்போது அப்பா தூங்காமல் நேராக வந்து கும்பிட்டுவிட்டு, மிச்சக் கடலையை அங்கேயே பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவார். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் காசு வாங்காமல் கொடுப்பார்.

கூட்டம் குறைந்தது எப்படி என்று என்னைக் கேட்டால் நான் கோப்பிக் கடை டிவியைத்தான் சொல்வேன். 1963இல் சிங்கப்பூருக்கு டிவி வந்தது. முதலில் ஒரு தெருவுக்கு ஒன்று, அப்புறம் ஒரு மாடிக்கு ஒன்று. மழை நாளில் நனைந்துகொண்டு நியூ வேர்ல்டு வர யாருக்குப் பைத்தியம்? பின்னால் குளிர்சாதனக் கடைகள் வேறு வந்துவிட்டன. 1972இல் எங்களுக்குத் தோ பாயோவில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு கிடைத்தது. அப்பா கொஞ்ச நாள் பஸ் பிடித்து வந்து விற்றார். பிறகு ஒரு கம்பெனியில் காவல்காரர் வேலைக்குப் போய்விட்டார். வண்டியை யாருக்குக் கொடுத்தார் என்று நாங்கள் கேட்கவே இல்லை.

1986 மார்ச்சில் ஹோட்டல் நியூ வேர்ல்டு இடிந்து விழுந்து 33 பேர் இறந்தார்கள் அல்லவா, அதையும் இதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அது சிராங்கூன் சாலையில், எங்கள் பழைய ஓவன் சாலை முனையில் இருந்த கட்டடம். கேளிக்கைப் பூங்கா வேறு. ஆனால் அன்று வானொலியில் பேரைக் கேட்டதும் அப்பா செருப்புகூடப் போடாமல் படி இறங்கினார். அடுத்த வருடம், 1987இல், பூங்காவையும் மூடினார்கள். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. கடைத்தொகுதி 2009இல்தான் திறந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

சரி, போன மாதத்துக்கு வருகிறேன். ஐஸ்கிரீம் தின்றுகொண்டே பேரன் பேய் ரயில் எங்கே நின்றது என்று கேட்டான். நான் நகரும் படிக்கட்டுப் பக்கம் கை காட்டினேன். அக்கா, "இல்லை, கிட்சனர் ரோட்டுப் பக்கம்" என்றார். கொஞ்ச நேரம் வாதாடினோம். அப்புறம் நான் எப்போதும் சொல்வதைப் பேரனிடமும் சொன்னேன்: "பேய் ரயில் பக்கத்திலேயே எட்டு வருஷம் நின்னேன், ஒரு தடவைகூட ஏறினதில்லை. எங்கப்பாவுக்குக் காசு செலவழிக்க மனசு வராது."

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"என்னடா சொல்றே? அப்பா டிக்கெட் வாங்கிக் கொடுத்தாரே. உன்னோட ஏழாவது பொறந்தநாளு. நீ பெட்டிக்குள்ள ஒரு காலை வச்சிட்டு 'வேணாம் வேணாம்'னு கத்தி ஊரைக் கூட்டினே. டிக்கெட்டைத் திருப்பி வாங்க மாட்டேன்னுட்டான் அந்தச் சீனன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, காசு வீணாப் போகக் கூடாதுன்னு அப்பாவே ஏறி உக்காந்தாரு. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, அந்தச் சின்னப் பெட்டியில தனியா. நான்தான் வண்டியைப் பாத்துக்கிட்டேன். வெளிய வந்தப்போ சிரிச்சுக்கிட்டே வந்தாரு."