குமரி வள்ளியின் சன்னதியில்

1999 ஜூலை. கார்கில் சண்டையில் டைகர் ஹில் மலை நம் வசம் வந்துவிட்டதாகச் செய்தி வந்த வாரத்தில்தான் ஆனிக் கிருத்திகையும் வந்தது. நானும் அத்தையும் முருகனைப் பார்க்க வள்ளிமலைக்குக் கிளம்பினோம்.

அத்தை மகனுக்கும் எனக்கும் பேசி முடித்திருந்தார்கள். பரிசம் போடுவதற்குள் அவருக்குப் பட்டாளத்தில் இடம் கிடைத்து, குன்னூர் பக்கம் வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்ட் பயிற்சி மையத்துக்குப் போய்விட்டார். அவர் போன பிறகு கார்கில் சண்டை மூண்டது.

வேலூரைச் சுற்றியுள்ள எங்கள் ஊர்களில் பட்டாளத்துக்குப் போவது புதிதில்லை. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அதனால் நான் முகம் வாடி உட்கார்ந்தால், “டிரெய்னிங்தானே, சண்டைக்கா போயிருக்கான்?” என்று கேட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். அவர் எழுதும் இன்லண்ட் லெட்டரும் அத்தை பெயருக்குத்தான் வரும். விடியுமுன் ஓட்டம், டிரில், துப்பாக்கிப் பயிற்சி, குளிரில் வெடித்த கை என்று எல்லாம் எழுதி, கடைசியில் “அவளையும் கேட்டதாகச் சொல்லவும்” என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்காக அத்தை வீட்டுக்கு ஓடுவேன்.

அவரைப் பார்க்க வேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொள்ளும். ஆனால் மே 29 அன்று பட்டாலிக் மலையில் திருச்சிக்காரர் மேஜர் சரவணன் வீரமரணம் அடைந்த செய்தி வந்ததிலிருந்து, பயிற்சி முடிந்துவிடுமே என்பதே பயமாகிவிட்டது. முடிந்தால் அடுத்து எங்கே அனுப்புவார்கள்? பயிற்சி நீண்டுகொண்டே போகட்டும் என்று முருகனிடம் கேட்கத்தான் அன்று பஸ் ஏறினேன்.

காட்பாடி தாண்டி, பொன்னையாற்றங்கரை மேல்பாடி வழியாகப் பஸ் போனது. மேல்பாடியில் அரிஞ்சய சோழனுக்கு ராஜராஜன் எடுத்த பள்ளிப்படைக் கோயில், அதாவது சமாதிக் கோயில், இருக்கிறது. இறங்கிப் பார்க்க நேரமில்லை. வள்ளிமலை அடிவாரத்தில் ஆறுமுகரை வணங்கிவிட்டுப் படியேறினோம். அத்தைக்கு மூட்டு வலி. உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினார். மேலே முருகன் பாறைக் குடைவுக்குள் இருக்கிறான். கிருத்திகைக் கூட்டம், கற்பூரப் புகை, யாரோ திருப்புகழ் பாடிக்கொண்டிருந்தார்கள். அருணகிரிநாதர் பாடிய மலை. திருப்புகழை ஊர் ஊராகக் கொண்டுசென்ற வள்ளிமலை சுவாமிகள் இருந்த மலை.

இந்த மலையில் எனக்கு மிகவும் பிடித்தவள் குமரி வள்ளி. கல்யாணம் ஆகாத வள்ளிக்கென்று இங்கே தனிச் சன்னதி. மற்ற இடங்களில் மாலையும் கழுத்துமாக முருகன் பக்கத்தில் நிற்பவள், இங்கே பறவை விரட்டும் உண்டிவில்லும் கவண்கல்லும் கையில் வைத்திருக்கிறாள். தினைப்புனத்தில் பரண்மேல் நின்று காவல் காத்தவள் அல்லவா? மனசு முழுக்க அவனை வைத்துக்கொண்டு, கை ஓயாமல் வேலை பார்த்தவள். அவள் எதிரில் நின்றதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வரிசையில் எங்களுக்கு முன்னால் ஓர் அம்மா நின்றிருந்தார். மகன் சண்டை நடக்கும் திராஸ் பக்கம் இருக்கிறானாம். ஐம்பத்தாறு ஏ.பி.ஓ. என்ற பட்டாளத் தபால் முகவரிக்கு இவர் எழுதிக்கொண்டே இருக்கிறார், பதில் இல்லை. “உங்க பையன் எங்கேம்மா?” என்று அத்தையைக் கேட்டார். வெலிங்டனில் பயிற்சி என்று அத்தை சொன்னதும், “நல்லா கத்துக்கட்டும்மா. அப்பதான் பத்திரமா வருவான்” என்றார். பொறாமை துளியும் இல்லாமல், தன் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

அதற்குப் பிறகு நான் கேட்க வந்ததைக் கேட்க வாய் வரவில்லை. அத்தை மகன் ஏறும் மலையில் கால் வழுக்கக் கூடாது, கை நடுங்கக் கூடாது, சொல்லிக்கொடுப்பது மனதில் நிற்க வேண்டும், பக்கத்தில் நிற்பவனையும் காப்பாற்றத் தெரிய வேண்டும் என்று வேண்டினேன். அந்த அம்மாவின் மகனுக்காகவும் வேண்டினேன். திரும்பிப் பார்த்தால் கூட்டத்தில் அவரைக் காணோம்.

கையில் தேன் விட்ட தினைமாவு வாங்கிக்கொண்டு இறங்கினோம். அன்று இரவே முதல்முறையாக அத்தையின் கடிதத்துக்குள் நானும் நாலு வரி எழுதினேன். “என்னைப் பற்றிக் கவலை வேண்டாம் மாமா, நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள்.” அதை எழுதி முடிக்க வெகுநேரம் ஆனது.

ஜூலை 26-ல் சண்டை முடிந்தது. அப்புறம்தான் அவருடைய பயிற்சி முடிந்து, சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொண்டு ரெஜிமெண்டுக்குப் போனார். கல்யாணமும் ஆயிற்று. மாசித் தேர் மலையைச் சுற்றி வர நான்கு நாள் ஆகும். லீவு கிடைத்த வருடங்களில் இருவருமாக வடம் பிடித்திருக்கிறோம்.

வள்ளிமலைக்கு எப்போது போனாலும் இரண்டு அர்ச்சனை. ஒன்று எங்கள் வீட்டுக்கு. இன்னொன்றுக்கு அர்ச்சகர் பெயரும் நட்சத்திரமும் கேட்பார். அந்த அம்மாவின் மகன் பெயரை அன்று கேட்டுக்கொள்ள முடியவில்லை. “திராஸ்ல இருந்த பிள்ளை, சுவாமி” என்று சொல்கிறேன். அவரும் சுவாமி பெயருக்கே செய்து தருகிறார்.