அந்த ஓட்டையைப் போட்டது யாரு?

போன நவம்பரில் கலிஃபோர்னியாவின் பிக் பேர் மலையில் ஹோல்கம்ப் கிரீக் பாதையில் போயிருந்தோம். ஒரு பாறைப் படியில் முன் சக்கரங்கள் ஏறிவிட்டன, பின் டயர் பிடி விட்டது. வண்டி சறுக்கிப் பின்னால் வந்து ஒரு கல் மேல் உட்கார்ந்தது. உட்கார்ந்த இடம் பின் ஆக்சிலின் டிஃபரன்ஷியல், அதாவது எஞ்சின் விசையை இரண்டு பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரங்கள் இருக்கும் குமிழ். இறங்கிக் குனிந்து பார்த்தேன். அதன் பின்பக்க மூடியான கவரின் கீழ் ஓரம் பொரித்த அப்பளம் மாதிரி வெளிப்பக்கம் சுருண்டிருந்தது. இரண்டு போல்ட்டுகளின் தலை பாதி தேய்ந்திருந்தது. சுருண்ட இடத்தில் ஆயில் ஒரு சொட்டு திரண்டு, தொங்கி, விழுந்தது. அடுத்த சொட்டு உடனே திரள ஆரம்பித்தது.

ரிவர்சைடு பக்கத்தில் இருக்கும் என் வீடு வரை வழியில் மூன்று முறை நிறுத்திப் பார்த்துக்கொண்டே வந்து சேர்ந்தேன்.

என்னுடையது 2012 ஜீப் ராங்லர் ரூபிகான். முன்னும் பின்னும் டேனா 44 ரக ஆக்சில், இரண்டரை அங்குலம் உயர்த்தியது. கம்பெனியில் இருந்து வரும் கவர் அச்சில் அழுத்திய தகடு. ரோட்டில் ஓடும் வண்டிக்கு அது தாராளமாகப் போதும். பாறையில் ஓட்டுகிறவர்கள்தான் அதைக் கழற்றிவிட்டு வார்ப்பு இரும்புக் கவர் போடுகிறார்கள். நான் வாங்கியது ஏழு கிலோவுக்கு மேல் இருக்கும். போல்ட் தலைகள் குழிக்குள் இறங்கி உட்காருவதால் பாறை உரசினாலும் தலை தேயாது. அடிபட்ட இடத்தைப் பார்த்த எனக்கு அதுவே முக்கியமாகப் பட்டது.

கவர் வாங்கும்போது உள்பக்கத்தையும் பாருங்கள். வண்டி முன்னால் போகும்போது சக்கரத்தின் பின்விளிம்பு மேல்நோக்கிச் சுற்றும், உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுனும் அப்படித்தான். கீழே தேங்கியிருக்கும் ஆயிலை கிரவுன் வாரி எடுத்து, பின் ஆக்சிலில் கவரின் உட்சுவரை ஒட்டியே மேலே கொண்டுபோய், கிரவுனைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனின் பேரிங் இருக்கும் முன்பக்கம் வீசுகிறது. அதாவது ஆயில் போகும் பாதையில் ஒரு பக்கச் சுவரே இந்தக் கவர்தான். உட்புறம் வளைவாக இருந்தால் ஆயில் வழுக்கிக்கொண்டு மேலே போகும். தட்டையாக இருந்தால் மோதிச் சிதறி நுரைக்கும். கலிஃபோர்னியாவின் அசூசாவில் வண்டிப் பாகங்கள் செய்யும் கேல் பேங்க்ஸ் சில வருடங்களுக்கு முன் கண்ணாடி போல ஊடே தெரிகிற கவர் பொருத்தி, உள்ளே ஆயில் எப்படி ஓடுகிறது என்று வீடியோவாகவே காட்டினார். அவரும் கவர் விற்கிறவர்தான். ஆனாலும் கண்ணால் பார்த்ததை மறுக்க முடியவில்லை. வளைவான உட்புறம் உள்ளதைத் தேடித்தான் வாங்கினேன்.

மாட்டும் வேலை ஒரு சனிக்கிழமை காலைக்குள் முடிகிற வேலை. சமதரையில் நிறுத்தி, முதலில் ஆயில் ஊற்றும் பிளக்கைத் திறந்துவிடுங்கள். கீழ் பிளக்கை முதலில் திறந்து ஆயிலை எல்லாம் இறக்கிய பிறகு மேல் பிளக் இறுகிப்போய்த் திறக்க மறுத்தால், வண்டி அங்கேயே நிற்கும். ஆயில் வடிந்ததும் பத்து போல்ட்டில் மேலே இரண்டை மட்டும் தளர்வாக விட்டுவிட்டு மற்றதைக் கழற்றி, பட்டிக் கத்தியால் ஓரத்தை நெம்பினால் கவர் விடும். பழைய கியர் ஆயிலின் கந்தக வாடை இரண்டு நாளைக்குக் கையை விட்டுப் போகாது. பிளக் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் பசை மாதிரி ஒட்டியிருந்தால் பயமில்லை, அது சாதாரணத் தேய்மானம். பல் உடைந்த சில்லு இருந்தால் வேலையே வேறு. எனக்குப் பசைதான் இருந்தது.

புதுக் கவரை, கசிவை அடைக்கும் சிலிக்கான் இல்லாமல் வெறுமனே மாட்டி, இரண்டு பின் சக்கரங்களையும் தூக்கிவிட்டுக் கையால் சுற்றிப் பார்த்தேன். கிரவுன் எங்கும் உரசவில்லை. அப்புறம் ஆக்சில் முகத்தில் இருந்த பழைய சிலிக்கானைச் சுரண்டினேன். இதற்கு மட்டும் ஒரு மணி நேரம் ஆனது, ஆகட்டும். சிறுவயதில் நாமக்கல்லில் மாமாவின் லாரிப் பட்டறையில், பேக்கிங் ஷீட்டை இரும்பு முகத்தில் வைத்து உருண்டைத் தலைச் சுத்தியலால் ஓரமாகத் தட்டித் தட்டியே அவர் பேக்கிங் வெட்டி எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு முன் அந்த முகத்தை விரலால் தடவிப் பார்ப்பார், ஏதாவது தட்டுப்பட்டால் மறுபடி சுரண்டுவார். நானும் தடவித்தான் பார்த்தேன். ஊரில் அனாபாண்ட் என்போமே, அந்த ஜாதி சிலிக்கானைப் போல்ட் ஓட்டைகளுக்கு உள்பக்கமாக 6 மில்லிமீட்டர் கனத்தில் ஒரே கோடாக விட்டு, கவரை வைத்து, எதிரெதிராக 30 அடி-பவுண்டுக்கு முறுக்கினேன். ஒரு இரவு காயவிட்டேன்.

தப்பு நடந்தது அதற்கு அப்புறம்.

மறுநாள் 75டபிள்யூ-140 சிந்தெடிக் ஆயில் டப்பாக்களை வெந்நீர் வாளியில் வைத்து இளக்கி, கைப் பம்பால் ஏற்றினேன். சின்ன வயதில் இருந்து தெரிந்த கணக்கு ஒன்றுதான்: ஓட்டையில் ஆயில் எட்டிப் பார்க்கும் வரை ஊற்று, விரலை விட்டுப் பார், பிளக்கை மூடு. பழைய கவரில் சுமார் இரண்டே கால் லிட்டர் பிடித்த இடத்தில் 3.3 லிட்டர் உள்ளே போனது. கவர் பெரிது, அதனால் கூடப் பிடிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து விக்டர்வில் போக கஹோன் பாஸ் ஏற்றத்தில் வேகமாகப் போய்த் திரும்பினேன். வீட்டு வாசலில் மறுபடி அந்தக் கந்தக வாடை. கவரைச் சுற்றித் துணியால் துடைத்துப் பார்த்தேன், சொட்டு ஈரமில்லை. சூட்டில் விரியும் காற்று வெளியேற ஆக்சிலில் இருக்கும் காற்றுக் குழாய் முனையில்தான் ஆயில் கசிந்து, சட்டமெல்லாம் நனைந்திருந்தது. ஆக்சிலின் வெளிக்கூடான ஹவுசிங்கில் கை வைக்க முடியாத சூடு.

மாமாவுக்கு போன் செய்தேன். அவர் முழுதும் கேட்டுவிட்டு, "ஓட்டை வாய் வரைக்கும் ஊத்துனயா?" என்றார்.

"ஆமாங்க மாமா, நீங்க சொல்ற மாதிரியேதான்."

"அந்த ஓட்டையப் போட்டது யாரு கண்ணு?"

எனக்குப் புரியவில்லை. அவர் சொன்னார்: லாரி ஆக்சிலில் பின்பக்கக் குமிழ் ஹவுசிங்கோடு சேர்த்துப் பற்றவைத்தது, கிரவுன் பினியனை முன்பக்கமாகத்தான் கழற்றுவார்கள். ஆயில் ஓட்டையும் அந்தக் குமிழிலேயே இருக்கும். ஆக்சில் செய்தவனே போட்ட ஓட்டை. ஆயில் எவ்வளவு உயரம் நிற்க வேண்டும் என்று கணக்குப் பார்த்துப் போட்டது. "உன்ர வண்டில அது மூடிக்காரன் போட்டது. மட்டம் ஆக்சிலுக்கு உண்டானது, மூடிக்கு உண்டானதில்ல."

நல்லவேளை, வளைந்த பழைய கவரைத் தூக்கிப் போடவில்லை. புதுக் கவரைக் கழற்றாமலே, இரண்டிலும் ஓட்டையின் கீழ் விளிம்புக்கும் பக்கத்துப் போல்ட்டின் மையத்துக்கும் உள்ள உயரத்தை ஸ்கேல் வைத்து அளந்தேன். புதுக் கவரின் ஓட்டை 22 மில்லிமீட்டர் மேலே இருந்தது. அந்த அளவுக்குக் கூடிப்போன ஆயிலைக் கிரவுன் கடைந்து சூடேற்றித்தான் காற்றுக் குழாய் வழியாக வெளியே தள்ளியிருக்கிறது. மூடி செய்தவர்களிடமும் ஒரு நியாயம் இருக்கிறது. வண்டியை நிறைய உயர்த்திப் பினியன் மூக்கை மேலே தூக்கி வைத்தால், கவர் பக்கம் கீழே சாயும், ஓட்டையும் கூடவே இறங்கும். அப்படிப்பட்ட வண்டிக்கு உயரமான ஓட்டை தேவைதான். என்னுடையது இரண்டரை அங்குலம் மட்டும், பினியன் கிட்டத்தட்ட பழைய கோணத்திலேயே இருக்கிறது.

கவர் பெரிதாக இருப்பதால் பழைய லிட்டர் கணக்கும் உதவாது. அதையே ஊற்றினால் மட்டம் குறைந்துவிடும். அதனால் ஒரு தடித்த செம்புக் கம்பியை எடுத்து 'ட' போல மடக்கினேன். மடிப்பு ஓட்டையின் கீழ் விளிம்பில் உட்கார வேண்டும், தொங்கும் கால் உள்ளே நேராக இறங்க வேண்டும். பழைய கவரில் ஆயில் ஓட்டைக்குக் கால் அங்குலம் கீழே நிற்க வேண்டும் என்பது கணக்கு, அது 6 மில்லிமீட்டர். ஆக 22-ம் 6-ம் சேர்ந்து 28. மடிப்பில் இருந்து 28 மில்லிமீட்டரில் அரத்தால் ஒரு கோடு கீறினேன். கைப் பம்பின் குழாயை ஓட்டை வழியாக விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி, ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் பொறுத்துக் கம்பியை விட்டுப் பார்த்தேன். ஆயில் அந்தக் கீறலில் வந்து நின்றபோது உள்ளே மிச்சம் இருந்தது 2.6 லிட்டர். முக்கால் லிட்டருக்குக் கிட்ட வெளியே வந்திருந்தது.

காற்றுக் குழாயைக் கழற்றிக் கழுவி ஊதி மாட்டினேன். சக்கரப் பக்க சீல்களில் ஈரம் இருக்கிறதா என்று பின் பிரேக் தட்டுகளையும் பார்த்தேன், காய்ந்தே இருந்தன. அதே கஹோன் பாஸில் அதே வேகத்தில் இரண்டு முறை போய் வந்தேன். குழாய் முனை காய்ந்திருந்தது, ஹவுசிங்கில் கை வைத்து எடுக்க முடிந்தது.

கம்பியில் மாஸ்கிங் டேப் சுற்றி 'பின்' என்று எழுதி டூல் பையில் வைத்திருக்கிறேன். முன் ஆக்சில் கவர் வந்து இறங்கிவிட்டது. அதில் வேறொரு கணக்கு பார்க்க வேண்டும்: ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பினால், முன் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் டை ராடு கவரில் இடிக்கிறதா, ஸ்பிரிங் அமுங்கும்போது, ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் டிராக் பார் இடிக்கிறதா என்று. கழற்றும் முன் முதல் வேலையாகப் பழைய ஓட்டையின் உயரத்தை அளந்து, சாக்பீஸால் கராஜ் சுவரில் எழுதியாகிவிட்டது. மாமா அதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்.