உப்புப் போட்டாயிற்றா?

வண்ணாரப்பேட்டையில் எங்கள் அடுத்த வீட்டு அத்தை, மார்பகப் புற்றுநோய்க்கான கீமோதெரபி முடிந்த பிறகு, இட்லி மாவுக்கு உப்புப் போட்டோமா என்று தினமும் தடுமாறியபோது, வயதின் மறதி என்று மற்றவர்கள் சொன்னதை நானும் நம்பினேன். முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய என் ஆய்வு இன்று கீமோதெரபிக்குப் பின் வரும் அந்தத் தடுமாற்றத்தின் உயிரியலைப் பற்றியதே. மெத்தோட்ரெக்சேட் என்ற கீமோதெரபி மருந்து செலுத்தப்பட்ட எலிகளின் மூளையில் மைக்ரோகிளியா எனும் நோயெதிர்ப்புச் செல்கள் தூண்டப்பட்டு அடங்காமலிருக்க, நரம்பிழைகளுக்கு மையலின் உறை போர்த்தும் செல்களின் முன்னோடிகள் குறைந்துபோகின்றன. எலி உப்பை மறப்பதில்லை. முன்பு பார்த்த பொருளையும் புதிய பொருளையும் அருகருகே வைத்து, எதை அதிக நேரம் முகர்கிறது என்று கணக்கிட்டே அதன் நினைவாற்றலை அளக்கிறோம், பொறுமையைச் சோதிக்கும் வேலை. கதிர்வீச்சுச் சிகிச்சையிலோ வழி கொஞ்சம் திறந்திருக்கிறது: முழு மூளைக்கும் அளிக்கையில் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதியைத் தவிர்த்தால் அறிவாற்றல் சரிவு குறைவதை 2020இல் வெளியான மருத்துவச் சோதனை காட்டியது. அத்தை இப்போது உப்புப் போட்டவுடன் அடுப்படிச் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுகிறார்.