ஆவணியில் கிழக்கு பூட்டான்: ஒரு பயணத் திட்டத்தின் நாட்குறிப்பு

மே 25, 2025

பட்டாம்பூச்சி பார்ப்பதற்கென்றே ஒரு பயணம் போவதானால் பூட்டானுக்குத்தான் என்பதில் எனக்கும் என் மனைவிக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எந்தப் பகுதிக்கு, எந்த மாதத்தில் என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. வானம் தெளிந்து பனிமலைகள் தெரியும் அக்டோபரில் பாரோ, திம்பு, தக்த்சங் மடாலயம் என்று மேற்குப் பகுதியைப் பார்த்துவிட்டு வரலாம் என்கிறாள் அவள். அந்நாட்டில் 700க்கும் மேற்பட்ட பட்டாம்பூச்சி வகைகள் பதிவாகியுள்ளன என்பதால் எங்கு போனாலும் ஏமாற்றம் இராது என்பது உண்மைதான்.

ஆனால் என் மனம் லட்லோவின் பூட்டான் குளோரி என்ற ஒரு பட்டாம்பூச்சியையே சுற்றி வருகிறது. பிரிட்டிஷ் இயற்கை ஆய்வாளர்களான பிராங்க் லட்லோவும் ஜார்ஜ் ஷெரிஃபும் 1933-34இல் கிழக்கே டிராஷியாங்சே பள்ளத்தாக்கில் அதில் ஐந்தே ஐந்தைப் பிடித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். பிறகு எழுபத்தைந்து ஆண்டுகள் போல அதைக் கண்டவர் எவரும் இல்லை. 2009இல் பூட்டான் வனத்துறையைச் சேர்ந்த கர்மா வாங்டி அதை மீண்டும் கண்டறிந்தார். 2011 ஆகஸ்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள் பூட்டானியரோடு சேர்ந்து சென்று அதன் வாழ்வை ஆராய்ந்தார்கள். 2012இல் அது நாட்டின் தேசியப் பட்டாம்பூச்சி ஆயிற்று.

ஜூன் 8

இன்று காலை எங்கள் வயலின் வடக்கு வரப்பில் ஆடுதீண்டாப்பாளைக் கொடியருகே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். காமன் ரோஸ் பட்டாம்பூச்சியின் புழு ஒன்று இலையை ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டிருந்தது. நாவல்பழம் போலக் கருஞ்சிவப்பான உடல், அதன்மேல் வரிசையாகச் சதைமுட்கள், நடுவில் பட்டையிட்டாற்போல ஒரு வெள்ளை வளையம். புல்நுனியால் மெல்லத் தொட்டதும் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரு கொம்புகளை நீட்டிவிட்டு உள்ளிழுத்துக்கொண்டது. ஆடு வாய் வைக்காத அந்தச் செடியின் நஞ்சை உண்டு உடம்பில் சேர்த்துக்கொள்வதால், இந்தப் புழுவையும் பின்னால் அது ஆகப்போகும் பட்டாம்பூச்சியையும் பறவைகள் தின்னத் தயங்குகின்றன.

பூட்டான் குளோரியின் புழுவுக்கும் உணவு இதே குடும்பத்துக் கொடிதான். 2,000 மீட்டருக்கு மேலுள்ள மலைக்காட்டில் மரங்களின் மீது படரும் அரிஸ்டலோகியா கிரிஃபிதை என்ற இனம் அது. ஆகவே பூச்சியைத் தேடுவதென்றால் முதலில் கொடியைத் தேட வேண்டும். மரவுச்சிகளுக்கு மேலே மெதுவாக மிதந்து பறக்கும் அந்தப் பூச்சியை அண்ணாந்து தேடுவதைவிட, முட்டையிட வரும் பெண்பூச்சிக்காகக் கொடியருகே காத்திருப்பதே மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. (நம் பக்கத்தில் வரப்புக்குக் களைக்கொல்லி அடிப்பவர்கள் இந்தக் கொடியை மட்டுமாவது விட்டுவைக்க வேண்டும்.)

ஜூன் 22

மேட்டூரில் 12ஆம் தேதி திறந்த தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்துவிட்டது. பூட்டான் குளோரி பறப்பது பெரும்பாலும் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில்தான். நமக்கோ அது சம்பாவுக்கு நாற்று விடும் காலம். தம்பியிடம் தயங்கித்தான் சொன்னேன். “சி.ஆர். 1009 நெல்லுதானே அண்ணே போடப்போறோம்? ஆவணி பொறக்கறதுக்கு முன்னாடியே நாத்து விட்டுருவோம். நடவுக்கு ஒரு மாசம் இருக்கு, நாத்தங்காலுக்குத் தண்ணி கட்டறதை நான் பாத்துக்கறேன்” என்றான். விதைப்புக்கும் நடவுக்கும் இடைப்பட்ட அந்த நாட்களிலேயே பயணம் என்று முடிவாயிற்று. மழைக்காலத்தில் மலைச்சாலை சரியும் என்ற அச்சம் நியாயமானதே. அதற்காகப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் ஒவ்வொரு நாளைச் சும்மா விட்டுவைத்திருக்கிறோம்.

ஜூலை 6

சென்னையிலிருந்து குவாஹாட்டி, அங்கிருந்து எல்லைநகரமான சம்த்ருப் ஜோங்கர், பிறகு டிராஷிகாங், கடைசியாக டிராஷியாங்சே. சம்த்ருப் ஜோங்கரிலிருந்து டிராஷிகாங் வரையிலான 180 கிலோமீட்டருக்கு ஒரு பகல் முழுவதும் ஆகும். நாம் திருச்சிக்குப் போய்வரும் கணக்கு அங்கே செல்லாது.

இந்தியருக்கு விசா வேண்டாம், நுழைவு அனுமதி வேண்டும். அதற்குக் கடவுச்சீட்டோ வாக்காளர் அடையாள அட்டையோ தேவை. ஆதாரை ஏற்க மாட்டார்கள். ஆளுக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் நீடித்த வளர்ச்சிக் கட்டணம் உண்டு. காடும் பூச்சியும் நிலைத்திருக்கும் ஒரு நாட்டுக்கு இதைக் கொடுப்பதில் எனக்கு மனக்குறை இல்லை. காடு நிலப்பரப்பில் 60 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்று தங்கள் அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தவர்கள் அவர்கள்.

ஜூலை 20

டிராஷியாங்சேயிலுள்ள பும்தெலிங் வனவிலங்குச் சரணாலயத்துக்குள் அழைத்துப்போக உள்ளூர் வழிகாட்டி ஒருவரைப் பேசி முடித்தாயிற்று. வலை எடுத்துப் போகக் கூடாது, ஒன்றையும் பிடிக்கக் கூடாது. இந்த இனத்தின் வணிகம் உலக அளவிலும் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. தொலைநோக்கி வாங்கும்போது 8 மடங்கு பெருக்கத்தோடு, இரண்டு மீட்டர் தொலைவிலிருப்பதையும் தெளிவாகக் காட்டுவதாகப் பார்த்து எடுத்தேன். பட்டாம்பூச்சிக்கு இந்த இரண்டாவது குணமே முக்கியம். அட்டைப்பூச்சிக்கு உப்பும் முழங்கால் வரையிலான துணி உறையும் பெட்டியில் சேர்ந்துவிட்டன.

“அது கண்ணில் படாமலே போய்விட்டால் என்ன செய்வீர்கள்?” என்று மனைவி நேற்று கேட்டாள். வெயில் எழாமல் பட்டாம்பூச்சி இறகு விரிப்பதில்லை, மழைமாதத்தில் வெயில் நம் கையில் இல்லை என்பதால் அது நேரக்கூடியதுதான். அதனால் டிராஷியாங்சேயில் தங்கும் இரவுகளைக் கூட்டினோம். மழை விடாத பகலில் சோர்ட்டன் கோரா தூபியைப் பார்ப்பதென்று அவள் குறித்துக்கொண்டாள். தக்த்சங் இம்முறை இல்லை என்பதையும் அவளே சொல்லிவிட்டாள். ஆடிப்பெருக்கு முடிந்த மறுநாள் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும்.