அப்பாவுக்காக ஒரு மெழுகுதிரி

பாரீஸில் ரயிலேறினால் இரண்டு மணி நேரத்துச் சொச்சத்தில் நார்மண்டியின் கான் நகரம். அங்குள்ள புனித முடியப்பர் ஆலயத்துக்கு நானும் மனைவியும் போயிருந்தோம். முடியப்பர் என்றால் ஸ்தேவான், முதல் வேதசாட்சி. என் அப்பாவுக்கு அவர் பெயர்தான். ஒரு மெழுகுதிரி ஏற்ற வேண்டும் என்பது நெடுநாள் நேர்ச்சை.

இந்தக் கோயிலே ஒரு பரிகாரம்தான். நார்மண்டிக் கோமகன் வில்லியம் ஃபிளாண்டர்ஸின் மட்டில்டாவை மணந்தபோது, நெருங்கிய உறவு, கூடாது என்றது திருச்சபை. (முறைப்பெண் என்று கொண்டாடும் நமக்கு வேடிக்கைதான்.) ஆளுக்கொரு மடம் கட்டிச் சரிக்கட்டினார்கள். துறவிகளுக்காக வில்லியம் கட்டியது இது. ஊரின் மறுகோடியில் கன்னியருக்காக மட்டில்டா கட்டியதைக் காலையிலேயே பார்த்துவிட்டோம். 1083-இல் அடக்கமான அவளுடைய கறுப்புக் கல் அப்படியே இருக்கிறது.

முடியப்பர் ஆலயத்தில் அலங்காரம் குறைவு. வெளிறிய மஞ்சள் கல், உயரம், அமைதி. 1066-இல் வில்லியம் ஹேஸ்டிங்ஸில் ஆங்கிலேய மன்னன் ஹரால்டை வென்று இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, இந்த ஊர்க் கல்லைக் கடல் தாண்டி ஏற்றிப்போய்த்தான் லண்டன் கோட்டையிலும் வைத்தார்கள்.

பீடத்தின் முன் தரையில் வெள்ளைச் சலவைக்கல். 'வெல்லவே முடியாத வில்லியம்' என்று லத்தீனில் பொறித்திருக்கிறது. அடியில் இருப்பது ஒரேயொரு தொடையெலும்பு என்கிறார்கள். 1562-இல் மதச் சண்டையில் கல்லறையைச் சூறையாடிவிட்டார்கள்.

அடக்கமே அலங்கோலம்தான். 1087 செப்டம்பரில் ரூவானில் உயிர் போனதும், வேலையாட்கள் அறையிலிருந்ததை வாரிக்கொண்டு ஓடினார்கள். உடலை இங்கே கொண்டுவந்து குழியில் இறக்கப்போகும்போது அஸ்ஸலின் என்பவர் எழுந்து நின்றார். இது என் தகப்பன் வீடு இருந்த மனை, இவர் பறித்துக்கொண்டது, இங்கே புதைக்க விடமாட்டேன் என்றார். அக்கம்பக்கத்தாரும் ஆமாம் என்றார்கள். ஆயர்கள் அங்கேயே பணம் கொடுத்துக் குழிக்கு இடம் வாங்கினார்கள். அப்புறம் பார்த்தால் கல்பெட்டி சிறியது. பருத்த உடலைத் திணித்ததில் வயிறு வெடித்து, எவ்வளவு சாம்பிராணி போட்டும் நாற்றம் அடங்காமல், குருக்கள் அவசரமாகச் சடங்கை முடித்தார்களாம். ஆர்டெரிக் என்ற துறவி எழுதிவைத்திருக்கிறார்.

அப்பாவின் மெழுகுதிரியை ஏற்றிவிட்டுத் திரும்பினேன். மனைவி அந்தக் கல்லருகே நின்றிருந்தாள்.

"இவருக்கும் ஒரு பரலோக மந்திரம் சொல்லிருவோமா?"

சொன்னோம். நான் அஸ்ஸலினின் தகப்பனையும் சேர்த்துக்கொண்டேன்.