ஐந்தாவது கேள்வி

பேனா ஐந்தாவது கேள்வியில் நின்றுவிட்டது.

கடந்த 3 மாதத்தில், தலைவலியால் குடும்பத்தோடோ நண்பர்களோடோ இருக்க முடியாமல் போனது எத்தனை நாள்?

ஒற்றைத் தலைவலி அன்றாட வாழ்க்கையை எவ்வளவு முடக்குகிறது என்று அளக்கும் மைடாஸ் (MIDAS) படிவம். மொத்தமே 5 கேள்விதான். வேலைக்குப் போகாத நாள், வீட்டு வேலை பாதிகூட முடியாத நாள் என்று எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு எண். 21 அல்லது அதற்கு மேல் என்றால் கடும் பாதிப்பு.

மருந்து தொடங்கும் முன் எனக்கு 34. இன்று 12.

வலி இன்னும் வரத்தான் செய்கிறது. மருந்து கேட்கிறதா என்று டாக்டர் சும்மா கேட்டிருந்தால், நேற்றைய வலியை நினைத்து இல்லை என்றிருப்பேன். ஒற்றைத் தலைவலி ஸ்கேனில் தெரிவதில்லை. நாம் எழுதும் இந்த நாள் கணக்குதான் சாட்சி.

ஐந்தாவதில் போன முறை 9 எழுதியிருந்தேன். இருட்டறைக் கதவுக்கு வெளியே மகள் மெல்லக் கேட்பாள்: "அம்மா, இப்ப வரலாமா?"

இன்று 2 என்று எழுதினேன்.