பூவை விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்த கேமரா

ஒரே நந்தியாவட்டைப் பூவை நாற்பது தடவை எடுத்தேன். முக்கால்வாசிப் படங்களில் பின்னால் இருந்த சுவரின் வெடிப்பு பளிச்சென்று விழுந்திருந்தது. பூ மட்டும் நனைந்த பஞ்சு மாதிரி. என்னுடையது சட்டைப்பைக்குள் அடங்குகிற சாதாரண டிஜிட்டல் கேமரா, லென்ஸ் மாற்றுகிற வசதியெல்லாம் கிடையாது. அதனால் பழியை அதன் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

தப்பு என் கையில்தான். பூ பெரிதாகத் தெரியட்டும் என்று ஜூமை முழுக்க இழுத்து வைத்துக்கொண்டு கிட்டேயும் போயிருக்கிறேன். இந்த வகைக் கேமராக்களில் பெரும்பாலும் ஜூம் கூடக் கூட, இதற்கு மேல் நெருங்கினால் ஃபோகஸ் ஆகாது என்கிற எல்லையும் தள்ளிப்போய்விடும். பூப்படம் போட்ட மேக்ரோ பொத்தானை அழுத்தி, ஜூமைத் தொடாமலே போனால் என்னுடையது 5 சென்டிமீட்டர் வரை நெருங்க விடுகிறது. ஆனால் அங்கே கேமராவின் நிழலே பூ மேல் விழும். 10, 12 சென்டிமீட்டரில் நின்று எடுத்துவிட்டு, ஓரங்களைப் பிறகு வெட்டிக்கொள்கிறேன்.

மெல்லிய தண்டு, தளிர் என்றால் ஃபோகஸ் அப்போதும் சுவருக்குத்தான் ஓடும். அதற்கு என் கைதான் மருந்து. செடிக்குப் பக்கத்தில் அதே தூரத்தில் விரலை நீட்டி, பொத்தானைப் பாதி அழுத்துவேன். ஃபோகஸ் பூட்டியதும் நீட்டிய விரலை எடுத்துவிட்டு மீதியை அழுத்துவேன். நடுவில் மூச்சு விட்டால் போச்சு.

வெள்ளைப் பூ தனிக் கதை. திரை முழுக்கப் பூவாக இருந்தால் கேமரா வெளிச்சம் அதிகம் என்று பயந்து, வெள்ளையைச் சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, +0.7 வைத்தால் சரியாகும். அதே பூ இருட்டுப் பின்னணியில் சின்னதாக இருந்தாலோ நேர்மாறு: இதழ் வெந்து, நரம்பு ஒன்றும் மிஞ்சாது. அங்கே -0.7 அல்லது -1. சிவப்புச் செம்பருத்திக்கும் குறைத்துதான் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இதழ்களெல்லாம் ஒட்டிப்போய் ஒரே சிவப்புத் திட்டாகிவிடும்.

வெயிலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேகம் மூடிய நாள்தான் எனக்குத் திருவிழா. அது வாய்க்காவிட்டால் வெள்ளைக் குடை பிடிப்பேன்.

பின்னணிக்கு ஒரு கறுப்பு அட்டை வைத்திருக்கிறேன். செடிக்கு ஒரு முழம் பின்னால் சாய்த்துவிட்டால் சுவர், வாளி, குழாய் எல்லாம் காணாமல் போய்விடும். கார்ல் பிளாஸ்ஃபெல்ட் என்ற ஜெர்மன்காரர் (1865–1932) தானே செய்த கேமராவை வைத்துக்கொண்டு, வெறும் பின்னணிக்கு முன் தளிர்களையும் விதைக்கூடுகளையும் வருஷக்கணக்கில் எடுத்துக் குவித்தவர். சுருண்ட பெரணித் தளிர் அவர் படத்தில் இரும்புக் கம்பி வேலை மாதிரி நிற்கும். அதைப் பார்த்த பிறகுதான் அட்டை வாங்கினேன்.

காற்றுக்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை. போன வாரம் பாகற்கொடியின் பற்றுச்சுருள் ஒன்று அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நின்றது. விரல் நீட்டி, அட்டை வைத்து, எல்லாம் தயார். அது ஆடிக்கொண்டே இருந்தது. காற்று அடங்கட்டும் என்று மறுநாளைக்குத் தள்ளினேன். காலையில் போய்ப் பார்த்தால் பக்கத்துக் குச்சியை இரண்டு சுற்று சுற்றி, இறுக்கிப் பிடித்திருந்தது.